முதல் விமான மாடலுக்கு கம்ப்ரஸர் எதுக்குங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல லீவுக்கு என்ன பண்ணலாம்னு ஒரு பக்கம் போட்டு, அதுல பிளாஸ்டிக் விமான மாடல் செய்றதப் பத்தியும் எழுதியிருந்தீங்க. நம்ம தமிழ்ப் பேப்பர்ல இதப் பாத்ததே எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா புதுசா ஆரம்பிக்கிறவங்க வாங்க வேண்டியதுன்னு ஒரு லிஸ்ட் இருந்துச்சு பாருங்க, அதப் படிச்சதும் மனசு கேக்கல, அதான் எழுதுறேன். காத்துல பெயிண்ட்டத் தூவுற ஏர்பிரஷ், அதுக்கு காத்து குடுக்குற கம்ப்ரஸர், பெயிண்ட் புகைய வெளிய இழுக்குற ஸ்ப்ரே பூத், 1/48 அளவுல ரெண்டு இன்ஜின் விமானம்... இத வாங்கிக் குடுன்னு எந்தப் புள்ள போய் வீட்ல கேக்கும், கேட்டாலும் யார் வாங்கித் தருவாங்க?

என் தங்கச்சி மகன் எட்டாவது படிக்கிறான், அந்தப் பக்கத்த கையில எடுத்துக்கிட்டு வந்து "அம்மான், இதெல்லாம் இருந்தாத்தான் செய்ய முடியுமா"ன்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு கேட்டான். இல்லடா, ஒரு சின்ன கிட்டும் (பாகங்கள சேத்து ஒட்டுற மாடல் பெட்டி) ரெண்டு பிரஷும் போதும்னேன். நான் பல வருஷமா மாடல் செய்றவன், இன்னிக்கும் பிரஷ்லதான் பெயிண்ட் அடிக்கிறேன். இதே கேள்வியோட எத்தனை புள்ளைங்க அந்தப் பக்கத்த மடிச்சு வச்சிருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

முதல் மாடலுக்கு 1/72 அளவு, ஒத்த இன்ஜின், ஒத்த றெக்கை, அவ்ளோதான். 1/72ன்னா நிஜ விமானத்துல எழுபத்திரெண்டுல ஒரு பங்கு. ரெண்டாம் உலக யுத்தத்து பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயரோட றெக்கை இந்த முனைல இருந்து அந்த முனை வரைக்கும் நிஜத்துல 11 மீட்டர் சொச்சம், மாடல்ல 15, 16 சென்டிமீட்டர்தான் வரும், படிக்கிற மேஜை மேலயே வச்சு முடிச்சிரலாம். ஏர்ஃபிக்ஸ் மாதிரி கம்பெனிங்க ஸ்டார்ட்டர் செட்டுன்னு போடுறாங்க, பசை, பிரஷ், குட்டி குட்டி பெயிண்ட் டப்பா எல்லாம் அந்த பெட்டிக்குள்ளயே இருக்கும். ரெண்டு அடுக்கு றெக்கை வச்ச பழைய விமானம் பாக்க அழகா இருக்கும், ஆனா மேல் றெக்கைய நேரா நிறுத்துறதும் நடுவுல கம்பி கட்டுறதும் புதுக் கைக்கு ஆகாத வேலை, அது அப்புறம்.

காரைக்குடிக்காரங்களுக்கு டகோட்டாங்கிற பழைய பயணிகள் விமானம் மேல ஒரு ஆசை வரும், எனக்கும் உண்டு. நம்ம அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் குரோய்டன்ல விமானம் ஓட்டக் கத்துக்கிட்டவர், பின்னாடி ஜூபிடர் ஏர்வேஸ்னு விமானக் கம்பெனியே நடத்தினவர், அந்தக் காலத்துல நம்ம நாட்டு விமானக் கம்பெனிங்களுக்கு டகோட்டாதான் முதுகெலும்பு. ஆனா அதோட றெக்கை 1/72லயே 40 சென்டிமீட்டர் வந்துரும், ரெண்டு இன்ஜின், வரிசையா ஜன்னல் கண்ணாடி வேற. ஆசைய கொஞ்சம் பொறுத்து வைங்க, ரெண்டு மூணு சின்னது முடிச்சு கை பழகட்டும்.

பாகமெல்லாம் ஸ்ப்ரூன்னு சொல்ற பிளாஸ்டிக் சட்டத்துல ஒட்டிக்கிட்டு வரும். முதல்ல அத அப்படியே பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணில கழுவி காய வைங்க, அச்சுல இருந்து பிரிஞ்சு வர்றதுக்குப் போடுற எண்ணெய்ப் பசை ஒட்டியிருந்தா பெயிண்ட் பிடிக்காது. பாகத்த கையால திருகி ஒடிக்கக் கூடாது. நிப்பர்ங்கிற சின்ன வெட்டுக் குறடால கொஞ்சம் தள்ளி வெட்டிட்டு மிச்ச மேட்ட கத்தியால சீவி, வாட்டர் பேப்பர் போட்டுத் தேச்சா வெட்டின தடமே தெரியாது. கத்தி வேலைக்கு பெரியவங்க பக்கத்துல இருக்கணும். ஒட்டுறதுக்கு முன்னாடி பசை இல்லாம ஒரு தடவ சேத்துப் பாத்துக்கணும். இந்த மாடல் பசை ஃபெவிகால் மாதிரி நடுவுல நின்னு பிடிக்கிறதில்ல, ரெண்டு பக்க பிளாஸ்டிக்கையும் லேசா கரைச்சு ஒண்ணோட ஒண்ணா ஆக்கிரும், அதனால ஒரு துளி அதிகமானாலும் மேல இருக்கிற அழகான கோடெல்லாம் கரைஞ்சு போகும், கை ரேகை கூட பதிஞ்சிரும். தீப்பிடிக்கிற சரக்கு, அடுப்பு பக்கம் ஆகாது, ஜன்னலத் திறந்து வச்சுக்கணும். பைலட் மேல மூடுற கண்ணாடிக்கு மட்டும் ஃபெவிகால்தான் நல்லது, காஞ்சா கண்ணாடி மாதிரியே ஆயிரும். அங்க சூப்பர் குளூ போட்டா அதோட ஆவி பட்டு கண்ணாடி வெள்ளையா மங்கிரும்.

பெயிண்ட்டுதான் முக்கியம், இங்கதான் அவசரப்பட்டு கெடுத்துக்கிறாங்க. நம்ம ஊரு வீட்டுச் சுவர்ல சுண்ணாம்பும் முட்டை வெள்ளக்கருவும் சேத்து மெலிசு மெலிசா பூச்சு மேல பூச்சா ஏத்தி தேச்சிருக்காங்களே, அந்தப் பொறுமைதான் இதுக்கும். ஒரே தடவைல முழுசா மூடணும்னு தடிமனா அடிச்சா பிரஷ் கோடு தெரியும், ரிவெட்டும் கோடும் மூடிரும். முதல் பூச்சு திட்டுத் திட்டா, அடில பிளாஸ்டிக் தெரியுற மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம், அது நல்லா காஞ்சப்புறம் ரெண்டாவது, தேவைன்னா மூணாவது, அப்பத்தான் சமமா வரும். வயித்துப் பக்கம் இருக்கிற வெளிர் கலர மொதல்ல முடிச்சிட்டு மேல் பக்க மண் கலர், அப்புறம் கரும்பச்சை. சித்திரை வெயில்ல நம்ம பக்கம் அக்ரிலிக் பெயிண்ட் பிரஷ்லயே காஞ்சு இழுக்கும், ஃபேன நிறுத்திட்டு ஒரு சொட்டு தண்ணியோ தின்னரோ சேத்தா ஓடும். அடிச்சத வளவுல வெளிச்சத்துல காய வைக்கணும்னு தோணும், வைக்கலாம், ஆனா ஒரு அட்டைப்பெட்டியக் கவுத்து மூடிருங்க, ஈரப் பெயிண்ட்ல தூசு உக்காந்தா எடுக்குறது கஷ்டம்.

வட்டச் சின்னம், நம்பர் எல்லாம் டெக்கால்னு ஒரு தாள்ல வரும். வெட்டி வெதுவெதுப்பான தண்ணில போட்டு எடுத்து, தானா நகரும்போதுதான் றெக்கை மேல தள்ளணும், இழுத்தா கிழிஞ்சிரும். மங்கலான பெயிண்ட் மேல ஒட்டினா அடில காத்து மாட்டி வெள்ளி வெள்ளியா தெரியும், அதனால ஒட்டுறதுக்கு முன்னாடி பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு.

தங்கச்சி மகன் டெக்கால் ஒட்டுறப்ப கேட்டான், பெட்டில வட்டத்துக்கு நடுவுல சிவப்பு இருக்கு, நீங்க வச்சிருக்கிற நம்ம நாட்டு ஸ்பிட்ஃபயர்ல சிவப்பே இல்லையே ஏன்னு. பர்மா யுத்தத்துல ஜப்பான்காரங்க விமானத்துல சிவப்பு வட்டம் இருந்துச்சு, தூரத்துல பாத்து நம்மாளுகளே நம்மாளுகள சுட்டுறக் கூடாதுன்னு இந்தப் பக்கம் சிவப்ப எடுத்துட்டு ரெண்டு வித நீலத்துல வட்டம் போட்டாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவனே உக்காந்து ஏகப்பட்டது கேட்டான், 1944ல இந்திய விமானப்படை ஸ்குவாட்ரனுக்கே (படைப்பிரிவு) ஸ்பிட்ஃபயர் வந்தது, செட்டிநாட்டுல கால்நடைப் பண்ணை பக்கம் இருக்கிற அந்த யுத்த காலத்து ஓடுதளம் வரைக்கும் பேச்சு போச்சு. ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள இவ்ளோ சரித்திரம் இருக்குங்க, அது எந்தப் புள்ளைக்கும் கம்ப்ரஸர் விலையால கிடைக்காமப் போயிரக் கூடாது.

ஏர்பிரஷ் கெட்டதுன்னு நான் சொல்லல, பிரமாதமான கருவி, பிடிச்சுப் போச்சுன்னா பின்னாடி வாங்கிக்கலாம். முதல் நாளே அத வாங்குன்னு சொல்றதுதான் தப்பு. அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்: அடுத்த லீவு இணைப்புல அந்த லிஸ்ட்ட மாத்திப் போடுங்க. சின்ன கிட், நிப்பர், வாட்டர் பேப்பர், பசை, ரெண்டு பிரஷ், நாலு அஞ்சு கலர், இவ்ளோதான் போதும். கூடவே நம்ம விமானப்படை ஓட்டின விமானம் ஒண்ணப் பத்தி வாரா வாரம் அரைப் பக்கம் கலர் படத்தோட போட்டீங்கன்னா புள்ளைங்க அதப் பாத்தே பெயிண்ட் அடிக்கும், நாட், மருத், 1963ல வந்து 2025ல ஓய்வு பெற்ற மிக்-21னு எழுத எவ்வளவோ இருக்கு. காரைக்குடி பக்கம் யாராவது பள்ளிக்கூடத்துல மாடல் வகுப்பு வைக்கணும்னு கேட்டா சனிக்கிழமை சாயங்காலம் நான் வந்து சொல்லித் தர்றேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
காரைக்குடி.