பனிக்கு வயதும் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆர்க்டிக் கடற்பனி குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கிய பனிப்பரப்பு அதன்பின் அந்த அளவுக்குக் கீழே இறங்கவில்லை, கோடையில் உருகுவது குளிர்காலத்தில் மறுபடி உறைந்துவிடுகிறது என்று கட்டுரையாளர் ஆறுதல் சொல்கிறார். கணக்கு சரிதான், ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை. பனியின் மேற்புறத்தை மட்டும் பார்த்ததால் வந்த ஆறுதல் அது.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப்படிகத்துக்குள் அடங்காது. அடர்ந்த உப்புநீராகப் பிரிந்து, பனிக்குள் நுண்ணிய கால்வாய்களில் தங்கும். அந்தக் கால்வாய்களிலும் பனியின் அடியிலும் டயாட்டம் என்னும் நுண்ணிய பாசிகள் வளர்கின்றன. வசந்த காலத்தில் பனியின் அடிப்புறம் பழுப்பேறிவிடும். தலைகீழாய்க் கவிழ்த்த வயல் அது.

அந்த வயலில் மேய்பவை ஆம்பிபாடுகள் என்னும் ஓட்டுடலிகள். அவற்றில் அப்பெரூசா கிளேசியாலிஸ் என்னும் இனம் ஒன்றரை சென்டிமீட்டர் அளவே இருக்கும். முக்கிய உணவு பாசி. காமரஸ் வில்கிட்ஸ்கி என்னும் இன்னொரு இனம் அதைவிடப் பல மடங்கு பெரியது, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். கொக்கி போன்ற கால் நுனிகளால் பனியைப் பற்றிக்கொண்டு தலைகீழாய்த் தொங்கும். பாசியையும் தின்னும், தன்னைவிடச் சிறிய உயிர்களையும் பிடித்துத் தின்னும். பெண், முட்டைகளை வயிற்றடிப் பையில் சுமந்து திரியும். ஐந்தாறு ஆண்டுகள் வாழும் உயிர் இது. கட்டுரையாளர் கவனிக்க வேண்டியது இந்த ஆயுளைத்தான். ஒவ்வொரு கோடையிலும் கரைந்துபோகும் கூரையில் ஐந்தாறு ஆண்டு வாழ்க்கையை எப்படி நடத்துவது? அதற்குக் கோடைகளைத் தாண்டி நிற்கும் பழைய, தடித்த பனி வேண்டும். ஆர்க்டிக்கில் வேகமாக அழிந்துவருவது அந்தப் பழைய பனிதான். புதிதாய் உறைவது ஓராண்டுப் பனி. பரப்பளவுக் கணக்கில் இரண்டும் ஒன்றாகவே பதிவாகின்றன.

அப்பெரூசாவின் ஆயுள் குறைவு. பனி உருகினால் அது ஆழத்துக்கு இறங்கி, நீரோட்டத்தோடு மீண்டும் பனிப்பகுதிக்குத் திரும்பக்கூடும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உண்மையாக இருக்க வேண்டும் என்றே ஆசைப்படுகிறேன். ஆனால் அதை நம்பி மற்ற உயிர்களையும் விட்டுவிட முடியாது.

இவற்றைத் தின்பவர்களைப் பாருங்கள். துருவக் காட் மீனின் குஞ்சுகள் பனியின் இடுக்குகளில் ஒளிந்துகொண்டு இவற்றைப் பிடிக்கின்றன. உறைநிலையை ஒட்டிய அந்த நீரில் இரத்தம் பனிக்கட்டியாகிவிடாமல் காக்கும் புரதம் அவற்றின் உடலிலேயே இருக்கிறது. வளையச் சீல்கள் அந்த மீனையும் தின்கின்றன, ஆம்பிபாடுகளையும் நேரடியாகத் தின்கின்றன. சீலைப் பனிக்கரடி தின்கிறது. கனடாவின் ஆர்க்டிக் பகுதிப் பனிக்கரடிகளின் கல்லீரலைச் சோதித்தபோது, அவற்றின் உடலுக்குப் போன கார்பனில் பெரும்பகுதி பனிப்பாசியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. உங்கள் கட்டுரையோடு வந்த பனிக்கரடிப் படத்தில் கண்ணுக்குப் படாமல் இருப்பது இந்தச் சங்கிலி முழுவதும்தான்.

அண்டார்டிகாவில் காட்சி வேறு என்றாலும் கவலை அதேதான். அங்கே கிரில் என்னும் கூனியின் இளம் பருவங்கள் குளிர்காலத்தில் பனியடிப் பாசியை நம்பி உயிர் பிழைக்கின்றன. வளர்ந்த கிரில்லைச் சீல்களும் பெங்குவின்களும் திமிங்கலங்களும் உண்கின்றன. இப்போது மீன்பிடிக் கப்பல்களும் பெருமளவில் அள்ளுகின்றன. பனி குறையும் காலத்தில் இவ்வளவு அள்ளுவது அநியாயம்.

இனி செப்டம்பர்தோறும் பனிப்பரப்பின் அளவை வெளியிடும்போது, அதில் ஒரு கோடையையாவது தாண்டிய பனி எவ்வளவு என்பதையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு பனியின் வயதை ஆய்வு மையங்கள் கணக்கிட்டு வருகின்றன. அப்படியே ஒருமுறை பனிக்கரடிக்குப் பதிலாக, பனியில் தொங்கும் காமரஸின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி