மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா கண்ணு

கண்ணு,

போனில் நான் நல்லா இருக்கியா என்பேன், நீ நல்லா இருக்கேன்மா என்பாய், அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன், பாதியில் விடாமல் படி.

ஆடிப் பதினெட்டுக்கு வந்து மூன்று நாள் இருந்தாயே, உன் சட்டையில் சிகரெட் வாசம் பிடிப்பதற்கு முன்னாலேயே உன் தட்டைப் பார்த்து எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் வெறும் டீ. மதியம் களிக்கு அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினால் உப்பே இல்லை என்றாய், எனக்கும் உன் தங்கச்சிக்கும் அதே குழம்பு சரியாகத்தான் இருந்தது. முருங்கைக்கீரையை ஓரமாகத் தள்ளி வைத்தாய். பின்கட்டுக் கொய்யாவை அறுத்துக் கொடுத்தேன், தொடவே இல்லை, சின்னதில் அந்த மரத்திலேயே கிடந்த பிள்ளை நீ. சாயங்காலமானால் பாலக்கோடு கடைவீதிக்குப் போய் போண்டா, பரோட்டா.

இது எனக்குப் புதுசு இல்லை. உங்க அப்பா பீடி குடித்த காலத்தில் பெரியப்பாவும் நம் வீட்டில்தான் சாப்பிடுவார், ஒரே சட்டிச் சோறு. பீடி பக்கம் போகாத பெரியப்பா கீரையைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், அப்பாவுக்கு உப்பும் காரமும் எண்ணெயும் தூக்கலாக இருந்தால்தான் சோறு இறங்கும். பீடியை விட்டு இரண்டு மூன்று வாரம் இருக்கும், ஒருநாள், "என்ன புள்ள, குழம்பு இப்படிக் கரிக்குது" என்றார். நான் எப்போதும் போடுகிற உப்புதான். அவர் நாக்குக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வீட்டில் எல்லாருக்கும் அதையே வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புகை நாக்கையும் மூக்கையும் மழுக்கிவிடும், விட்டால் அது திரும்பி வரும்.

அங்கன்வாடியில் இத்தனை வருஷம் சத்துமாவு கிளறிக் கொடுத்தவள்தான், ஆனாலும் இந்த விஷயத்தை உன் தங்கச்சி படித்துக் காட்டின பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். 15 நாடுகளில் எடுத்த 51 கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்து 1998-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. புகைப்பவர்கள் மற்றவர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகவும், நார்ச்சத்து, வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் (கேரட், மாம்பழம், கீரையில் இருக்கிற ஒரு சத்து) எல்லாம் குறைவாகவும் சாப்பிடுகிறார்களாம். எல்லாரும் அப்படியே என்று இல்லை, சராசரிக் கணக்கு. ஆனால் உன் தட்டு அப்படியே இருந்ததே கண்ணு.

எனக்குத் தாங்க முடியாதது அடுத்ததுதான். புகை உடம்பில் இருக்கிற வைட்டமின் சியைச் சீக்கிரம் தின்றுவிடுகிறது. அதனால் ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் என்றால் புகைப்பவருக்கு இன்னும் 35 சேர்த்துச் சொல்கிறது அமெரிக்கக் கணக்கு. கூடுதலாக வேண்டிய ஆளே குறைவாகச் சாப்பிடுகிறான். நீ தொடாத அந்தக் கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் பக்கம் இருக்கிறது.

சொன்னால், வைட்டமின் மாத்திரை போடுகிறேன்மா என்கிறாய். அதைத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். பின்லாந்தில் புகைக்கிற ஆண்கள் 29,133 பேரை வைத்துப் பெரிய சோதனை செய்தார்கள், பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நம்பித்தான் செய்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு அந்தப் புற்றுநோய் எடுக்காதவர்களைவிட 18 சதவீதம் கூடுதலாகத்தான் வந்திருந்தது. அமெரிக்காவில் இதேபோல நடந்த இன்னொரு சோதனையை 1996-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேரட்டும் மாம்பழமும் கீரையும் கெடுதல் என்று அர்த்தம் இல்லை, அதை நன்றாகச் சாப்பிடு. புகைக்கிறவன் அந்தச் சத்தை மட்டும் தனியாக மாத்திரையில் அள்ளிப் போடக்கூடாது, அவ்வளவுதான். உன் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பார், பீட்டா கரோட்டின் என்று இருந்தால் போடாதே, டாக்டரிடம் காட்டிக் கேள்.

கொய்யா தின்றுவிட்டு சிகரெட்டும் குடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதே சாமி, விடத்தான் வேண்டும். விட்டால் எடை போடும் என்று பயப்படுகிறாயா? முதல் வருஷம் நாலைந்து கிலோ ஏறுவது சகஜம்தான், அது பெரிய விஷயமே இல்லை. நைட் ஷிப்டில் டீயும் சிகரெட்டும் சேர்ந்தே போகிறது என்று நீயே சொன்னாய், அப்படியானால் கொஞ்ச நாளைக்கு அந்த டீயை விட்டுப் பார், கையில் ஒரு பழம் வைத்துக்கொள். 1800-11-2356 என்று அரசாங்கத்தின் இலவச நம்பர் இருக்கிறது, புகையிலையை விட வழி சொல்வார்கள். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் அவர்களிடமாவது பேசு.

வெள்ளிக்கிழமை ஓசூர் வழியாகப் போகிற பெங்களூரு பஸ்ஸில் பக்கத்து வீட்டுத் தம்பி வருகிறான். கேழ்வரகு மாவு, கொள்ளு, கொய்யா இரண்டு கிலோ கொடுத்து விடுகிறேன். கொய்யா கொஞ்சம் காயாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் பழுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், அன்றைக்கு எத்தனை குடித்தாய் என்று உள்ளதைச் சொல்லு, திட்டமாட்டேன்.

அம்மா