விதைக்கிழங்கு முளைக்கவில்லை என்ற பேச்சு குறித்து

எங்கள் குளிர்கிடங்கில் விதை வைக்கும் உருளைக்கிழங்கு விவசாயிகள் அனைவருக்கும் வணக்கம்.

நீர்போகத்துக்கு (தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் பருவம்) எங்களிடமிருந்து எடுத்துப்போன குப்ரி ஜோதி ரக விதைக்கிழங்கு சில தோட்டங்களில் இடையிடையே முளைக்காமல் பொக்கை விழுந்திருக்கிறது. உண்மைதான். ஆனால், "முளைக்காம இருக்க மருந்து அடிச்சுட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முளை தடுக்கும் சி.ஐ.பி.சி. மருந்து சமையல் கிழங்குக்கு உரியது. அந்தக் கிழங்கை 10-12 டிகிரியில் வைப்பதால் முளை வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் மருந்தைப் புகையாக அடிப்பார்கள். நம் அறை 3 டிகிரி. அந்தக் குளிரில் கிழங்கின் கண் (முளை கிளம்பும் குழி) தானாகவே உறங்கும். தேவையில்லாத மருந்துக்கு யாராவது காசைக் கொட்டுவார்களா? அந்தப் புகை சுவரிலும் சாக்கிலும் தங்கி, அடுத்து வரும் விதையையும் கெடுக்கும் என்பதால்தான் சமையல் கிழங்கை ஒரு மூட்டைகூட உள்ளே விட்டதில்லை. சந்தேகம் இருந்தால், மீந்த மூட்டையிலிருந்து 20 கிழங்கை முட்டை அட்டையில் கண் மேலே பார்க்க அடுக்கி, ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். மருந்து பட்ட கிழங்கில் கண் கடுகளவு புடைத்து அப்படியே நின்றுவிடும்.

கோளாறு கிழங்கை வெளியே எடுத்த பிறகு நடந்திருக்கிறது. குளிரிலிருந்து வந்த கிழங்கு வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். அந்த ஈரத்தோடு சாக்கிலேயே கிடந்தாலோ, மறுநாளே தோட்டத்துப் பாரில் (மண் அணைத்த வரப்பு) ஊன்றினாலோ அழுகும். தப்பியது முளைக்க நாளாகும். ஒரு நாள் நிழலில் வைத்துக் குளிர் தணிந்தபின் கொட்டி, அழுகலைப் பொறுக்கிவிட்டு, இரண்டு மூன்று கிழங்கு உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். நேர்வெயில் கூடாது, வெளிச்சம் வேண்டும். 10-15 நாளில் ஒரு சென்டிமீட்டர் அளவில் குட்டையாய், தடித்து, பச்சையோடிய முளை வரும். வெள்ளையாய் நீண்டால் இடம் இருட்டு என்று அர்த்தம். அது சாக்கில் கொட்டும்போதே ஒடிந்துவிடும். நுனிக்கண் மட்டும் முந்தினால் அதைக் கிள்ளிவிடுங்கள், மற்ற கண்கள் கிளம்பும். ஜனவரி உறைபனிக்கு, இரவில் சாக்கு போட்டு மூட மறக்க வேண்டாம்.

மூட்டை ஏற்றும்போதே இதையெல்லாம் சொல்லி அனுப்பும், கிழங்கைப் பொறுக்கித் தரம் பிரிக்கும் எங்கள் ஆள் டிசம்பரில் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருக்குப் பதில் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் "மூட்டை அங்கேயே இருக்கட்டும்" என்று சொன்ன உங்களில் பலருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கடைபோக (கடைசிப் பருவ) விதைக்கு மின்கட்டணத்தை முன்னிட்டு 50 கிலோ மூட்டைக்கு வாடகை 20 ரூபாய் கூடும். விதை எடுப்பது செவ்வாய், வெள்ளி மட்டும். மூன்று நாள் முன்னதாகச் சொன்னால் மூட்டையை முன்னறையில் இறக்கி, குளிர் தணித்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
கிடங்கு உரிமையாளர்