வடக்கன்குளம் கோயில் கதையை எழுத உதவியவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்த கட்டுரை போன வாரம் முடிந்தது. உங்களில் பலருக்குக் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. எல்லார் வீட்டுக்கும் உடனே வர முடியாததால் எழுதுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தை வெளியூர்க்காரர்கள் புனிதர் தேவசகாயம் பிள்ளை 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊராக அறிவார்கள். நான் கேட்டு வந்தது வேறு கதை. 1872-இல் அங்கே எழுந்த கத்தோலிக்கக் கோயில் கால்சட்டை மாதிரி இருந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து பிரியும் கால்கள் இரண்டு. ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார் முதலான மற்றவர்கள், நடுவில் தடுப்பு. சாமியார் ஒருவர்தான், பூசையும் ஒன்றுதான். 1910-இல் கௌசானல் சாமியார் அந்தத் தடுப்பை எடுத்தார். ஊர் இரண்டுபட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

இதைக் கேட்டு வருகிறவனை யார் உள்ளே விடுவார்கள் என்ற பயத்தோடுதான் முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

மேலத்தெரு ஆச்சி, முதல் நன்றி உங்களுக்கு. கோயில் எப்படி இருந்தது என்று கேட்டதும் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்துத் திண்ணையில் இரண்டு கோடு இழுத்தீர்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. "எங்கம்மா சின்னப்பிள்ளையா இருக்கையில பாத்தது. காயுறதுக்குள்ள பாத்துக்கோய்யா" என்றீர்கள். வெயிலில் ஒரு கோடு முன்னால் காய்ந்தது, இன்னொன்று கொஞ்சம் தாமதித்தது. நான் படித்த எந்த வரைபடமும் எனக்கு இவ்வளவு விளங்க வைக்கவில்லை.

வழக்கில் தோற்ற தரப்பின் வாரிசு ஒருவர், பெயர் வேண்டாம் என்றார், தாத்தாவின் தகரப்பெட்டியைத் திறந்து காட்டினார். "நாங்க செஞ்சது தப்புதான் தம்பி, ஆனா மறைக்காம எழுதுங்க" என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஐயா, அந்தப் பெரிய மனதை மறக்க மாட்டேன். அவர் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் வாத்தியார், தன் பாட்டனார் தடுப்புக்கு மற்றப் பக்கத்துக் காலில் நின்று பூசை கண்டதைச் சொல்லிவிட்டு, "எங்களுக்குப் பள்ளிக்கூடம் தந்ததும் இதே சாமியார்கள்தான், அதையும் எழுதணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். எழுதியிருக்கிறேன் சார். ஒரே கோயில் ஊரைப் பிரித்தும் வைத்தது, படிக்கவும் வைத்தது. இதில் ஒன்றை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று எனக்குப் புரிய வைத்தது நீங்கள்தான்.

கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர் சேசு சபை ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாகக் காகிதம் எடுத்துத் தந்தவர்களுக்கும், அந்தக் காலத்துச் சாமியார்களின் பிரெஞ்சுக் கடிதங்களை வரிவரியாக வாசித்துச் சொன்ன தோழிக்கும் நன்றி. அப்புறம், தினமும் மத்தியானம் சோறு போட்ட உபதேசியார் வீட்டு அக்காவுக்கும்.

பேச மறுத்தவர்களும் உண்டு. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கதவைச் சாத்தும் முன் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆச்சிக்கு மட்டும் பெரிய எழுத்தில் தனிப்படி எடுத்திருக்கிறேன். கிறிஸ்துமசுக்கு முன்னால் வருகிறேன். அதே திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.