கல்லும் கப்பலும்

மேலூர்

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாச்சு. இப்போது பேப்பரைத் தானே வாங்கிப் படிக்கிறாள்.

போன ஞாயிறு கீழவளவு போனேன். பஞ்சபாண்டவர் மலை சமணர் படுக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் குவாரிப் பள்ளங்களில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. வெட்டிப் போட்ட கல்லில் துளை போட்ட தடம், பிளந்த மூங்கில் மாதிரி வரிசையாக. விரலை வைத்துப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. 2012இல் மதுரை கலெக்டர் சகாயம், கிரானைட் குவாரி முறைகேட்டால் அரசுக்கு 16,338 கோடி ரூபாய் நஷ்டம் என்று எழுதினாரே, ஞாபகம் இருக்கிறதா? கல் கப்பலேறியது ஊருக்கே தெரியும். காசு எங்கே இறங்கியது?

நீ கஸ்டம்ஸில் இருந்தவன். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போட்டு, மிச்சத்தை வெளிநாட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள் என்று நீதான் சொன்னாய். அந்தக் கணக்கை மேலூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து யார் பிடிக்க முடியும்? ஐ.நா.வின் ஊழல் தடுப்பு உடன்படிக்கையில் இந்தியா 2011இல் சேர்ந்தது. ஒரு நாட்டில் திருடி வெளியே கொண்டுபோன சொத்தை அந்த நாட்டுக்கே திருப்பித் தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. நைஜீரியாவை ஆண்ட ராணுவ சர்வாதிகாரி அபாச்சா பதுக்கிய பணத்தில் 32 கோடி டாலருக்கு மேல் ஸ்விட்சர்லாந்து திருப்பிக் கொடுத்தது. அது ஏழைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பொறுப்பை உலக வங்கிக்குக் கொடுத்தார்கள். ஆனால் அபாச்சா செத்தது 1998இல், ஒப்பந்தம் ஆனது 2017இல். இத்தனை தாமதம் எனக்குப் பொறுக்கவில்லை.

குவாத்தமாலா கதை உன் துறைக்கே பக்கத்தில் வரும். ஐ.நா. உதவியோடு 2007இல் அங்கே ஒரு விசாரணை ஆணையம் வேலையைத் தொடங்கியது. வெளிநாட்டு வக்கீல்களும் போலீஸும் உள்ளூர் அரசு வக்கீல்களோடு ஒரே மேசையில். வரியைக் குறைக்க லஞ்சம் வாங்கிய சுங்கக் கும்பலை போனை ஒட்டுக்கேட்டே பிடித்தார்கள். இறக்குமதிக்காரர்கள் கூப்பிடும் போன் லைன்தான் கும்பலுக்கே பெயர். விசாரணை ஏறி ஏறி அதிபர் வரை போனது. 2015இல் அவர் பதவி விலகினார், அதே வாரம் சிறைக்கும் போனார். அடுத்து வந்த அதிபர், விசாரணை தன் பக்கம் திரும்பியதும் ஆணையத்தோடு மோதினார். 2019இல் அதை மூடியே விட்டார்கள். அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை மாப்ள. வெளியிலிருந்து வந்தவர்களை அனுப்பிவிடலாம். கூட உட்கார்ந்து தொழில் கற்ற உள்ளூர்க்காரர்களுக்கு யார் துணை?

இங்கே நாலு இளவட்டங்கள் குவாரிக் கணக்குக் கேட்டு ஆர்.டி.ஐ. போடுகிறார்கள். பொங்கலுக்கு வா. அந்த இன்வாய்ஸ் விஷயத்தை அவர்களுக்கு நீயே உட்கார்ந்து சொல்லிக் கொடு.

உன்
சேகர்