ஞாயிறு காலை 10 மணி: செயலிக் கிளைகள் சுத்தம்

வணக்கம் நண்பர்களே. நம் பாசன முறைச் செயலியின் நிரலை வைத்திருக்கும் கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) 23 கிளைகள், அதாவது தனித்தனியாக வேலை செய்யப் பிரித்த நிரல் வரிசைகள், நிற்கின்றன. கல்லணையில் தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும். இங்கே எந்தக் கிளை யாருடையது என்றே தெரியவில்லை. ஜூன் 12, மேட்டூர் திறக்கும் நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

1. சனி இரவு 9 மணிக்குள் எல்லாவற்றையும் கமிட் செய்து (கிட்டில் பதிந்து) புஷ் பண்ணிவிடுங்கள் (சர்வருக்கு அனுப்பிவிடுங்கள்).
2. மெயினில் (முதன்மைக் கிளையில்) சேர்ந்த கிளையை மட்டும் நீக்குங்கள், சிறிய 'டி' போட்டு (git branch -d). சேராத, புஷ் செய்யாத வேலை இருந்தால் கிட் மறுத்துவிடும். பெரிய 'டி' (-D) கேட்காமல் அழிக்கும். தயவுசெய்து வேண்டாம், போன மாதம் ஒருவரின் இரண்டு நாள் உழைப்பு அப்படித்தான் தொலையப் பார்த்தது. ரெஃப்லாக்கில் (கிட் நம் கணினியில் வைத்திருக்கும் நடவடிக்கைக் குறிப்பில்) தேடி மீட்டோம்.
3. உங்கள் கணினியில் நீக்கினால் சர்வரில் போகாது. அங்கே தனியாக நீக்கணும்.

இருக்க வேண்டிய கிளைகளின் பெயரை இன்றே இங்கே எழுதுங்கள்.