பசுமை மின்சாரம்: எந்த நிபந்தனையில்?

ஆசிரியருக்கு,

பசுமை மின்சாரத்துக்கு வெளிநாடுகளோடு சேர்ந்து வேலை செய்வது நல்லது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சரி, சேரலாம், ஆனால் எந்த நிபந்தனையில் என்று அதிகம் பேர் கேட்கக் காணோம்.

நம் சோலார் திட்டத்தில் உள்நாட்டுப் பேனலுக்கு முன்னுரிமை கொடுத்த விதியை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்புக்குப் போய் 2016-ல் ஜெயித்தது. அப்புறம் பார்த்தால் அங்கேயே சில மாநிலங்கள் உள்ளூர்ச் சரக்குக்குச் சலுகை கொடுத்துக்கொண்டிருந்தன, நாம் போட்ட வழக்கில் 2019-ல் அதையும் தவறு என்றார்கள். ஊருக்குத்தான் உபதேசம் போல.

பணம்? 2024-ல் பாகுவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர். பணக்கார நாடுகள் முன்னின்று திரட்டுவதாக ஒப்புக்கொண்டது ஆண்டுக்கு 30,000 கோடி, அதுவும் 2035-க்குள், அதில் கடன் எவ்வளவு, மானியம் எவ்வளவு என்று பிரிக்காமல்.

மேட்டூர் தண்ணீர் தாமதமாகும் வருஷங்களில் மன்னார்குடி பக்கம் குறுவையைக் காப்பாற்றுவது போர் மோட்டார்தான். விவசாயிகளுக்கான மத்திய அரசின் பிஎம் குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு இந்தியப் பேனல்தான் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. பேனலுக்கு மூலப்பொருளான பாலிசிலிக்கானுக்கு உலகமே பெரும்பாலும் சீனாவை நம்பியிருக்கும்போது அந்த விதியை எந்த ஒப்பந்தத்துக்காகவும் தளர்த்தக் கூடாது. தொழில்நுட்பம் தருகிறார்களா, கடனை ரூபாயில் தருகிறார்களா என்று அரசு கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். அப்படியே, முப்போகம் விளைந்த நஞ்சையில் சோலார் பூங்கா வேண்டாம் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

— ஒரு விவசாயி, மன்னார்குடி